அமெரிக்கக் கட்சிகளும் மதச் சுதந்திரமும்: ஒரு மாணவியின் கேள்வி-பதில்கள்

அரசியல் அறிவியல் முதுகலைப் படிப்பில் அமெரிக்க அரசமைப்பு வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன். அதைச் சொன்னதும் உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளையும், கருத்தரங்குக் கட்டுரை எழுதும்போது எனக்கே எழுந்த கேள்விகளையும் சேர்த்து இவற்றை எழுதியிருக்கிறேன். மதச் சுதந்திரம் ஒரு காலத்தில் இரு கட்சிகளுக்கும் பொதுச் சொத்தாக இருந்தது, அண்மைக் காலத்தில்தான் அது கட்சிச் சண்டையில் சிக்கிக்கொண்டது என்ற எண்ணத்தோடுதான் நான் படிக்கத் தொடங்கினேன். அந்த எண்ணம் இப்போது அப்படியே இல்லை.

அமெரிக்க அரசமைப்புச் சட்டம் மதத்தைப் பற்றி என்னதான் சொல்கிறது?

மிகக் குறைவாகவே சொல்கிறது. மூல ஆவணத்தின் ஆறாவது பிரிவு, கூட்டாட்சி அரசின் எந்தப் பதவிக்கும் மதத் தகுதி கேட்கக் கூடாது என்கிறது. 1791இல் நடைமுறைக்கு வந்த முதலாம் திருத்தம், ஒரு மதத்தை அரசு மதமாக நிறுவும் சட்டத்தையும், ஒருவர் தம் மதத்தைப் பின்பற்றுவதைத் தடுக்கும் சட்டத்தையும் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இயற்றக் கூடாது என்கிறது. ஆங்கில மூலத்தில் இது பதினாறே சொற்கள்.

அந்தத் தடை காங்கிரசுக்கு மட்டுமே சொல்லப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாநிலங்கள் விரும்பியபடி நடந்துகொள்ளலாம் என்ற நிலையே அப்போது இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1833 வரை வரிப்பணத்தால் தேவாலயங்களைத் தாங்கியது. மாநிலங்களையும் இந்தச் சொற்கள் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 1940இலும் 1947இலும்தான்.

அரசுக்கும் தேவாலயத்துக்கும் இடையே உள்ள "சுவர்" என்பது அந்தத் திருத்தத்தில் இருக்கிறதா?

இல்லை. அது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன் 1802 ஜனவரி 1ஆம் தேதி கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்ட் சபையினருக்கு எழுதிய கடிதத்தில் வரும் உவமை. பாடநூல்கள் இதைத் தத்துவ வாக்கியமாக அறிமுகப்படுத்துவதால் நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கடிதத்தின் பின்னணியில் கட்சி அரசியல் இருக்கிறது. கனெக்டிகட் அப்போது ஜெபர்சனுக்கு எதிரான பெடரலிஸ்ட் கட்சியின் கோட்டை. அங்கே காங்கிரிகேஷனல் என்ற புராட்டஸ்டண்டுத் திருச்சபைக்கு அரசின் ஆதரவு இருந்தது, இன்னொரு புராட்டஸ்டண்டுப் பிரிவினரான பாப்டிஸ்டுகள் சிறுபான்மையினர். 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் பெடரலிஸ்டுகள் ஜெபர்சனைக் கடவுள் நம்பிக்கையற்றவர் என்று தூற்றினார்கள்; பாப்டிஸ்டுகள் அவர் பக்கம் நின்றார்கள். அவர்களுக்கு எழுதிய பதிலை அனுப்புவதற்கு முன், நியூ இங்கிலாந்து மக்களின் மனநிலையை அறிந்த தம் அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் அவர் காட்டி ஆலோசனை கேட்டார். தம் நண்பர்களுக்கு ஆறுதலும் தம் எதிரிகளுக்குப் பதிலடியுமாக அமைந்த கடிதம் அது.

இதனால் அந்த உவமையின் மதிப்பு எனக்குக் குறைந்துவிடவில்லை. அன்று சுவரை வரவேற்றவர்கள் பாப்டிஸ்டுகள் என்பதும், இன்று தெற்கு மாநில பாப்டிஸ்டுகளில் பெரும்பாலோர் அந்தச் சுவரைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்பதும்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. சிறுபான்மையாக இருக்கும்போது சுவர் நிழல் தருகிறது, பெரும்பான்மையானதும் அது வழியை மறிக்கிறது.

கட்சிகள் மதத்தை வாக்குக்குப் பயன்படுத்தத் தொடங்கியது எப்போது?

கட்சிகள் தோன்றிய நாளிலிருந்தே என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அதன் மிகக் கூர்மையான காலம் 19ஆம் நூற்றாண்டு. அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கத்தோலிக்கர்கள் பெருமளவில் வந்து இறங்கியபோது, பொதுப் பள்ளிகளில் புராட்டஸ்டண்டுகளின் கிங் ஜேம்ஸ் பைபிளே வாசிக்கப்பட்டது. தங்கள் பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு வேண்டும் என்று கத்தோலிக்கர்கள் கேட்டதை ஒட்டி, பைபிளையே பள்ளியிலிருந்து அகற்றப் பார்க்கிறார்கள் என்ற வதந்தி பரவி, 1844இல் பிலடெல்பியாவில் கலவரம் வெடித்துத் தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. அடுத்த பத்தாண்டில் கத்தோலிக்க எதிர்ப்பையே கொள்கையாகக் கொண்ட "ஒன்றும் தெரியாது" கட்சி வளர்ந்தது. யார் கேட்டாலும் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்வது அதன் உறுப்பினர்களின் வழக்கம் என்பதால் வந்த பெயர் அது. 1856இல் அதன் வேட்பாளராக நின்ற முன்னாள் குடியரசுத் தலைவர் மில்லர்ட் பில்மோர் மேரிலாந்து என்ற ஒரே மாநிலத்தை வென்றார். கத்தோலிக்கர் தோற்றுவித்த குடியேற்றம் என்று பெயர் பெற்ற மாநிலம் அதுதான் என்பது வரலாற்றின் குறும்பு.

கத்தோலிக்கர்கள் ஜனநாயகக் கட்சியில் தஞ்சம் புகுந்தார்கள். குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் பிளேன் 1875இல், மதப்பிரிவுகளின் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் போகக் கூடாது என்று ஓர் அரசமைப்புத் திருத்தத்தை முன்வைத்தார். அரசையும் மதத்தையும் பிரிக்கும் கொள்கையின் தூய மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், யாரைக் குறிவைத்து அது எழுதப்பட்டது என்பது அன்றைய வாக்காளர் எவருக்கும் மறைபொருளாக இல்லை. மேலவையான செனட்டில் அது மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு பெறாமல் தோற்றது. ஆனால் பல மாநிலங்கள் அதே விதியைத் தத்தம் அரசமைப்பில் எழுதிக்கொண்டன. 1884இல் பிளேன் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, அவரை ஆதரித்துப் பேசிய ஒரு போதகர், எதிர்க்கட்சியைச் சாராயம், ரோமாபுரி மதம், கலகம் ஆகியவற்றின் கட்சி என்று ஏசிவிட்டார். கோபமடைந்த நியூயார்க் கத்தோலிக்கர்கள் திரும்பிக்கொண்டார்கள் என்பது அக்காலத்துப் பேச்சு. அந்த மாநிலத்தைச் சுமார் ஆயிரம் வாக்குகளில் இழந்த பிளேன், அத்தோடு தேர்தலையும் இழந்தார்.

இதே குடியரசுக் கட்சிதான் 1856இல் தன் முதல் தேசிய அறிக்கையில் அடிமை முறையையும் பலதார மணத்தையும் காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டை எச்சங்கள் என்று சேர்த்துச் சொன்னது. இரண்டாவது குறி, பலதார மணத்தை அப்போது ஏற்றிருந்த யூட்டாவின் மார்மன் மதப்பிரிவினர். நம்பிக்கை உன்னுடையது, செயல் சட்டத்துக்கு உட்பட்டது என்ற எல்லைக்கோட்டை உச்ச நீதிமன்றம் 1879இல் வகுத்தது அவர்கள் வழக்கில்தான். இன்று குடியரசுக் கட்சியின் உறுதியான வாக்காளர்களில் மார்மன்களும் அடக்கம் என்பதை நண்பர்களிடம் சொல்லும்போது யாரும் எளிதில் நம்புவதில்லை.

கென்னடியோடு கத்தோலிக்க எதிர்ப்பு முடிந்துவிட்டதா?

தேர்தல் அளவில் ஏறக்குறைய முடிந்தது. 1928இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆல் ஸ்மித் தோற்றதற்கு அவர் கத்தோலிக்கர் என்பதும் ஒரு காரணம். 1960 செப்டம்பரில் ஹூஸ்டன் நகரில் புராட்டஸ்டண்டு போதகர்கள் முன் நின்று, தாம் கத்தோலிக்கர்களின் வேட்பாளர் அல்ல, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர், தற்செயலாகக் கத்தோலிக்கராகவும் இருப்பவர் என்று ஜான் கென்னடி விளக்க வேண்டியிருந்தது. 2020இல் ஜோ பைடன் வென்றபோது எவரும் அப்படி விளக்கம் கேட்கவில்லை. கருக்கலைப்பு பற்றிய அவர் நிலைப்பாட்டுக்காகக் கேள்வி கேட்டவர்கள் சில கத்தோலிக்க ஆயர்கள்தான்.

நீதிமன்றமாவது கட்சிக்கு அப்பாற்பட்டு இருந்ததா?

சில காலங்களில் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினர். கொடிக்கு வணக்கம் செலுத்துவது விக்கிரக வழிபாடு என்று நம்பிய அவர்களுடைய பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லும் என்று 1940இல் உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உலகப் போர் அமெரிக்காவை நெருங்கிய நேரம் அது. தீர்ப்புக்குப் பின் பல ஊர்களில் அந்தச் சிறு சபையினர் அடித்து விரட்டப்பட்டார்கள். மூன்றே ஆண்டுகளில், நாடு போரின் நடுவில் இருந்தபோதே, நீதிமன்றம் 6-3 என்று தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. அரசியலிலோ மதத்திலோ நாட்டுப்பற்றிலோ எது சரியான கருத்து என்று எந்த அதிகாரியும் விதிக்க முடியாது என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். முதல் தீர்ப்பை எழுதிய பிராங்க்பர்ட்டரும் இரண்டாவதை எழுதிய ஜாக்சனும் ஒரே குடியரசுத் தலைவரால், ரூஸ்வெல்ட்டால், நியமிக்கப்பட்டவர்கள். முதல் முறை தனியாளாக மறுத்து எழுதிய ஸ்டோனை நியமித்தவரோ குடியரசுக் கட்சியின் கூலிட்ஜ். கட்சியை வைத்து இந்த வழக்கை விளக்க முயன்றால் எதுவும் பொருந்தாது.

இதற்கு நம் பக்கத்தில் ஒரு தொடர்ச்சி உண்டு. கேரளத்தில் தேசிய கீதம் பாட மறுத்து, எழுந்து மட்டும் நின்ற மூன்று யெகோவாவின் சாட்சிப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட வழக்கில், 1986இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தபோது, மேற்சொன்ன இரண்டு அமெரிக்கத் தீர்ப்புகளையும் எடுத்து ஆராய்ந்தது.

1993ஆம் ஆண்டு மதச் சுதந்திர மீட்புச் சட்டத்தைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இரு கட்சிகளும் கைகோத்துச் செய்த செயலின் அடையாளம் அது என்பதால். ஒரேகான் மாநிலத்தில், போதை மீட்பு நிறுவனம் ஒன்றில் ஆலோசகர்களாக இருந்த இருவர், தங்கள் அமெரிக்கப் பழங்குடித் திருச்சபையின் சடங்கில் பெயோட்டே என்னும் கள்ளிச்செடியை உட்கொண்டதற்காக வேலை இழந்தார்கள். வேலையிழந்தோர் உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. 1990இல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை ஏற்றது. எல்லோருக்கும் பொதுவான, எந்த மதத்தையும் குறிவைக்காத சட்டத்திலிருந்து மதத்தின் பெயரால் விலக்குக் கேட்க அரசமைப்பு இடம் தரவில்லை என்று எழுதியவர், பிற்காலத்தில் பழமைவாதிகளின் நாயகனாகக் கொண்டாடப்பட்ட அன்டோனின் ஸ்காலியா.

அந்தத் தீர்ப்புக்கு எதிராகக் கிளம்பிய கூட்டணியை இன்று கற்பனை செய்வதே கடினம். குடிமை உரிமை அமைப்புகள், பைபிளையும் தனிமனித மனமாற்றத்தையும் வலியுறுத்தும் எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள், யூதர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே மேசையில் அமர்ந்தார்கள். மத நடைமுறையைக் கணிசமாகச் சுமைப்படுத்தும் எந்த நடவடிக்கைக்கும் தவிர்க்க முடியாத காரணம் ஒன்றை அரசு காட்ட வேண்டும், அதையும் மிகக் குறைந்த சுமையோடு நிறைவேற்ற வேண்டும் என்ற சட்டத்தைப் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவந்தவர் ஜனநாயகக் கட்சியின் சக் ஷூமர். செனட்டில் அதே கட்சியின் எட்வர்ட் கென்னடியும் குடியரசுக் கட்சியின் ஆரின் ஹேட்சும். செனட்டில் 97-3 என்ற கணக்கில் நிறைவேறிய அதில் பில் கிளின்டன் 1993 நவம்பர் 16 அன்று கையெழுத்திட்டார். மாநிலங்கள் மீது அதைச் செலுத்தக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை என்று 1997இல் நீதிமன்றம் சொல்லிவிட்டதால் இப்போது அது கூட்டாட்சி அரசை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. பல மாநிலங்கள் தங்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றிக்கொண்டன.

நான் பொற்காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தது இந்த ஏழெட்டு ஆண்டுகளைத்தான். முன்னும் பின்னும் பார்த்த பிறகு, அது வழக்கம் அல்ல, விதிவிலக்கு என்று புரிந்தது.

அந்த ஒற்றுமை ஏன் உடைந்தது?

1993இல் மனக்கண்ணில் இருந்த மனுதாரர் ஒரு சிறுபான்மையினர்: பழங்குடியினர், தாடி வைத்த முஸ்லிம் கைதி, தொப்பியணிந்த யூதச் சிப்பாய். அவர்களுக்கு விலக்குக் கொடுத்தால் பிறருக்குச் செலவு அதிகமில்லை. பிறகு மனுதாரரும் மாறினார், செலவை ஏற்பவரும் மாறினார். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் ஊழியர்களின் காப்பீட்டில் கருத்தடைச் சாதனங்களையும் சேர்க்க வேண்டியிருந்தபோது, ஹாபி லாபி என்ற கைவினைப்பொருள் கடைத் தொடரின் உரிமையாளர்களான கிறிஸ்தவக் குடும்பத்தினர் அவற்றுள் சிலவற்றுக்கு விலக்குக் கேட்டார்கள். 2014இல் 5-4 என்று அவர்கள் வென்றார்கள். ஆதரித்த ஐவரும் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர்கள் நியமித்தவர்கள், எதிர்த்த நால்வரும் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர்கள் நியமித்தவர்கள். மறு ஆண்டு இந்தியானாவில் ஆளுநர் மைக் பென்ஸ் கையெழுத்திட்ட இதே வகை மாநிலச் சட்டம், தன்பாலினத்தவருக்குச் சேவை மறுக்க வழிவகுக்கும் என்ற எதிர்ப்பால் சில நாட்களிலேயே திருத்தப்பட்டது. அதற்குப் பிறகு ஜனநாயகக் கட்சியினர் பலர் "மதச் சுதந்திரம்" என்ற தொடரைச் சந்தேகத்தோடே உச்சரிக்கிறார்கள்.

என் மதிப்பீட்டைக் கேட்டால், இதில் இரு கட்சியினரிடமும் குறை காண்கிறேன். ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் வணிக நிறுவனத்தை ஒரு தனிமனித மனச்சாட்சிக்கு நிகராக வைப்பது அந்தச் சட்டத்தை அதன் நோக்கத்துக்கு அப்பால் இழுப்பது என்றே நினைக்கிறேன். தாங்களே எழுதிய சட்டத்தை, எதிர்பாராதவர் வந்து பயன்படுத்தினார் என்பதற்காக ஜனநாயகக் கட்சியினர் கைவிடுவதும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் எப்போதுமே குடியரசுக் கட்சிதானா?

இல்லை. 1976இல், ஆன்மிக மறுபிறப்படைந்த கிறிஸ்தவன் என்று தம்மை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்ட ஜிம்மி கார்ட்டருக்கு அவர்களில் பலர் வாக்களித்தார்கள். போதகர் ஜெர்ரி பால்வெல் "ஒழுக்கப் பெரும்பான்மை" என்ற அமைப்பைத் தொடங்கியது 1979இல். மறு ஆண்டு ரீகனின் வெற்றியில் அதற்குப் பங்கு உண்டு. கருக்கலைப்புதான் அவர்களைத் திரட்டியது என்பது பரவலான விளக்கம். இனப் பிரிவினை காட்டிய கிறிஸ்தவப் பள்ளிகளின் வரிவிலக்கை வரித்துறை பறிக்க முனைந்ததே முதல் பொறி என்று வேறு சில வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். தெற்கு பாப்டிஸ்ட் மாநாடு 1971இல் சில சூழல்களில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டதைப் பார்க்கும்போது, இரண்டாவது விளக்கத்தை ஒதுக்கிவிட முடியவில்லை. கடந்த மூன்று குடியரசுத் தலைவர் தேர்தல்களிலும் வெள்ளை எவாஞ்சலிக்கல் வாக்காளர்களில் ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் டிரம்புக்கு வாக்களித்தார்கள்.

அப்படியானால் ஜனநாயகக் கட்சி மத நம்பிக்கையற்றவர்களின் கட்சியா?

எந்த மதமும் சாராதவர்களில் பெரும்பாலோர் அதற்கு வாக்களிக்கிறார்கள் என்பது உண்மை. கறுப்பினப் புராட்டஸ்டண்டுகள் அதன் முதுகெலும்பு என்பதும் உண்மை. மார்ட்டின் லூதர் கிங் போதித்த அட்லாண்டா எபெனேசர் தேவாலயத்தின் போதகர் ராபேல் வார்னாக் இன்று அக்கட்சியின் செனட்டர்.

நீதிபதி மாறினால் மதச் சுதந்திரமும் மாறுமா?

கொரோனா காலம் இதற்கு விடை தந்தது. 2020 மே மாதம், கலிபோர்னியாவில் தேவாலயங்களில் கூடுவோர் எண்ணிக்கைக்கு விதித்த கட்டுப்பாட்டை நிறுத்திவைக்க நீதிமன்றம் 5-4 என்று மறுத்தது. செப்டம்பரில் தாராளவாத நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தார். அவர் இடத்துக்கு டிரம்ப் நியமித்த ஏமி கோனி பேரட் வந்தார். நவம்பரில் நியூயார்க்கின் கட்டுப்பாட்டை அதே நீதிமன்றம் 5-4 என்று நிறுத்திவைத்தது. இரண்டு மாநிலங்களின் விதிகளும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் ஓர் இருக்கை மாறியதன் எடையை அங்கே பார்க்காமல் இருக்க முடியாது.

மறுபக்கமும் உண்டு. அர்க்கன்சா சிறையில் அரை அங்குலத் தாடி வைக்கக் கேட்ட முஸ்லிம் கைதி 2015இல் ஒருமித்த தீர்ப்பில் வென்றார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த அஞ்சல் ஊழியரின் வழக்கில் 2023இல் ஒன்பது பேரும் ஒரே பக்கம் நின்றார்கள். கட்சி விவாதங்களில் இந்தத் தீர்ப்புகளை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள் இந்த அரசியலில் எங்கே இருக்கிறார்கள்?

எண்ணிக்கையில் சிறியவர்கள், ஆனால் கொள்கையைச் சோதித்துப் பார்க்க அவர்கள் பட்ட அனுபவமே உதவுகிறது. பஞ்சாபில் பிறந்த சீக்கியரான தலிப் சிங் சௌந்த் 1956இல் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2007இல் முதல் முஸ்லிம் உறுப்பினரான கீத் எலிசன், ஜெபர்சனுக்குச் சொந்தமாயிருந்த குர்ஆன் பிரதியின் மேல் கை வைத்து உறுதிமொழி எடுத்தார். அதற்கு முன் எழுந்த கண்டனங்களுக்கு அதைவிட நல்ல பதில் இருந்திருக்க முடியாது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த விவேக் ராமசாமி 2024 தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியின் வேட்பாளராகத் தேர்வுபெறப் போட்டியிட்டபோது, நாட்டை நிறுவியவர்களின் மதம் உங்களுடையது அல்லவே என்ற பொருளில் அயோவாவில் அவரிடம் கேட்கப்பட்டது. ஆறாவது பிரிவு அரசை மட்டுமே தடுக்கிறது. வாக்காளரின் மனத்தைத் தடுக்க எந்தப் பிரிவும் இல்லை.

இது நம் மதச்சார்பின்மையைப் போன்றதுதானா?

பெயர் ஒத்துப்போகலாம், அமைப்பு வேறு. தமிழ்நாட்டில் அரசுத் துறை ஒன்று கோயில்களை நிர்வகிக்கிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு துறையை எந்தக் கட்சியும் முன்மொழியக்கூட முடியாது. எது மேலானது என்று இங்கே எழுதத் தொடங்கினால் இந்தக் கேள்வி-பதில் முடியாது.

ஒரு தலைவர் மதச் சுதந்திரத்தில் உண்மையான அக்கறை உள்ளவரா என்பதை எப்படி அறிவது?

தமக்கு வாக்களிக்காதவர் மனுதாரராக வந்து நிற்கும்போது அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கிறேன். இந்த அளவுகோலை நான் ஓக் பிளாட் வழக்கில் வைத்துப் பார்த்தேன். அரிசோனாவில் உள்ள அந்தச் சமவெளி மேற்கு அப்பாச்சிப் பழங்குடி மக்களுக்குப் புனித நிலம். பெண்கள் பூப்பெய்தும்போது செய்யும் சடங்குகள் அங்கே நடைபெறுகின்றன. நிலத்தடியில் பெரும் செம்புப் படிவம் இருக்கிறது. 2014 டிசம்பரில், பாதுகாப்புச் செலவுச் சட்டத்தின் நடுவே செருகப்பட்ட ஒரு பிரிவு, அந்த நிலத்தைச் சுரங்க நிறுவனத்துக்கு மாற்றித் தர வழி செய்தது. குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெயின் அதற்கு முன்னின்றார், ஜனநாயகக் கட்சியின் ஒபாமா கையெழுத்திட்டார். பழங்குடியினருக்காக உருவான அதே 1993ஆம் ஆண்டுச் சட்டத்தை மேற்கோள் காட்டி அப்பாச்சிகள் வழக்குத் தொடுத்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 6-5 என்று தோற்றார்கள். டிரம்பின் அரசும் பைடனின் அரசும் நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிராகவே வாதாடின. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. ஒரு தேவாலயத்தை இடிக்க இப்படி அனுமதிப்போமா என்று கேட்டு மறுப்பு எழுதியவர் டிரம்ப் நியமித்த நீதிபதி நீல் கோர்சச். அவருடன் சேர்ந்து கையெழுத்திட்டவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் மட்டுமே. ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர்கள் நியமித்த மூன்று நீதிபதிகளின் பெயரும் அந்த மறுப்பில் இல்லை.